சூரியனுக்குத் தெரியாமல்

நம் நாட்டில் விளக்குக்கு என்றைக்கும் நல்ல பெயர்தான். அந்தி விளக்கு ஏற்றாத வீட்டில் லட்சுமி தங்கமாட்டாள் என்பார்கள். புகுந்த வீட்டுக்கு வந்த மருமகளுக்கு முதல் வேலை விளக்கேற்றுவது. அத்தகைய விளக்கு, கைதானவர்களோடு சேர்ந்து போலீஸ் நிலையத்துக்குப் போகிற காலமும் வந்துவிட்டது. 2023 ஜூன் மாதத்தில் கர்நாடகத்துச் சிவமொக்காவில், வாடகை வீடு ஒன்றுக்குள் மின்விளக்குகளைத் தொங்கவிட்டு, மின்விசிறியைச் சுழலவிட்டுக் கஞ்சாச் செடி வளர்த்தார்கள் என்று மருத்துவக் கல்லூரி மாணவர்கள் சிலரைப் பிடித்தார்கள்.

செய்தியைப் படித்த நம் கனவான்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள். ‘பார்த்தீரா, விஞ்ஞானம் படிக்கவைத்த பலனை! செடிக்கு விளக்குப் போட்டு வளர்க்கிறானாம். இயற்கைக்கே விரோதம். சட்டத்தை இன்னும் நான்கு முடிச்சுப் போட்டு இறுக்கவேண்டும்’ என்றது ஒரு கட்சி. இது பெரிய கட்சி. ‘மேல்நாட்டில் இதை வைத்துக் கோடிகோடியாகச் சம்பாதிக்கிறான். இங்கே தடையை எடுத்தால் விவசாயி பங்களா கட்டுவான்’ என்றது இன்னொரு கட்சி. இது சின்னக் கட்சி; ஆனால் வாய் பெரிது. முதல் கட்சிக்குச் செடியைத் தெரியாது. இரண்டாம் கட்சிக்கு நம் விவசாயியைத் தெரியாது. விளக்கை இரண்டு பேருக்குமே தெரியாது.

கஞ்சா புகைப்பதற்கு நான் வக்காலத்து வாங்க வந்திருப்பதாக யாரும் எண்ணவேண்டாம். பதினாறு வயதுப் பையன் அதைத் தொட்டால் அவன் படிப்பும் மனமும் என்ன ஆகக்கூடும் என்பதை மனநல மருத்துவர்கள் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவனைப் பெற்றவளின் முகத்தைப் பார்த்தவனுக்கு மருத்துவர்கூடத் தேவையில்லை. என் வழக்கு வேறு. அந்தச் செடி வெயிலை விட்டு வீட்டுக்குள் போனதற்குக் காரணம் விஞ்ஞானம் அல்ல, நாம்தான் என்பது என் வழக்கு. அதை மறுபடியும் வெயிலுக்குக் கொண்டுவந்து, நாலு பேர் பார்க்க, கணக்கெழுதி வளர்த்துப் பார்த்தாலொழிய அதன் கேடும் நமக்குச் சரியாகத் தெரியப் போவதில்லை, பயனும் தெரியப் போவதில்லை.

செடி வளர்ப்பவனுக்கு விளக்கு மூன்று விதத்தில் உதவுகிறது. பஞ்சாங்கமாக உதவுகிறது, சோறாக உதவுகிறது, திரையாக உதவுகிறது. இந்த மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொண்டதில்தான் இத்தனை கூச்சலும் பிறந்தது. ஆகவே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் பஞ்சாங்கம்.

செடிகளுக்கு மாதம் தெரியும். ஐப்பசி பிறந்ததை எந்த ஜோசியரும் போய்ச் செவ்வந்திக்குச் சொல்வதில்லை. அது தானே தெரிந்துகொள்கிறது. எப்படித் தெரிந்துகொள்கிறது என்ற கேள்விக்கு முதல் வெளிச்சம் காட்டிய செடிகளில் ஒன்று, நம் கனவான்கள் பெயரைச் சொல்லவே கூசுகிற இந்தக் கஞ்சாச் செடிதான். 1912-ஆம் வருஷம் பிரான்சு தேசத்தில் ஜூலியன் தூர்னுவா என்ற விஞ்ஞானி ஹாப்ஸ் இனத்துக் கொடியையும் கஞ்சாச் செடியையும் வைத்துச் சோதனை செய்துகொண்டிருந்தார். பகல் குறுகிய பருவத்தில் கண்ணாடிக் கூடத்துக்குள் முளைத்த செடிகள், வளரவேண்டிய வயதில் வளராமல், சின்னஞ்சிறு பிராயத்திலேயே பூத்துவிட்டன. பகல் சுருங்கியதும் இரவு நீண்டதும்தான் காரணம் என்று அவர் கண்டுகொண்டார். மேற்கொண்டு ஆராய அவருக்கு ஆயுள் இல்லை. முதல் மகாயுத்தம் அவரைக் கொண்டுபோய்விட்டது. 1920-ல் அமெரிக்க விவசாய இலாகாவைச் சேர்ந்த கார்னர், அல்லார்டு என்ற இருவர் புகையிலையையும் சோயா மொச்சையையும் வைத்து அதே உண்மையை உலகறிய நிலைநாட்டினார்கள். 1938-ல் ஹாம்னர், பானர் என்ற இருவர் இன்னொரு படி ஏறினார்கள். செடி எண்ணுவது பகலை அல்ல, இரவை. நீண்ட இரவின் நடுவில் சிறிது நேரம் விளக்கைக் காட்டினால் போதும். அந்த இரவை அது கணக்கில் சேர்ப்பதில்லை. பூக்காமல் வளர்ந்துகொண்டே போகிறது.

இந்த ரகசியம் இன்று யாரிடம் இருக்கிறது? கள்ளனிடம் மட்டும் இருப்பதாக நினைக்கவேண்டாம். ஓசூர்ப் பக்கம் இரவு பஸ்ஸில் போகிறவர்கள், தோட்டத்தின் மேல் வரிசை வரிசையாக பல்பு எரிவதைப் பார்த்துக் கல்யாண வீடோ என்று எண்ணுவதுண்டு. அது செவ்வந்தித் தோட்டம். செவ்வந்தியும் கஞ்சாவைப் போலவே நீண்ட இரவில் பூக்கிற ஜாதி. இரவில் விளக்குப் போட்டு, தண்டு உயரும்வரை அதை ஏமாற்றி வைத்திருந்து, விலை கிடைக்கிற நாளுக்குக் கணக்காக விளக்கை அணைத்துப் பூக்கவைக்கிறான் விவசாயி. பகலெல்லாம் சூரியன் சோறு போடுகிறது. ராத்திரியில் பல்பு பஞ்சாங்கத்தைத் திருத்துகிறது.

இயற்கைக்கு விரோதம் என்று சொல்கிற கனவானை நான் ஒன்று கேட்கிறேன். காலையில் நீங்கள் சாப்பிட்ட முட்டை எந்த ஊர் முட்டை? நாமக்கல் முட்டையாக இருந்தால் அதுவும் விளக்கு போட்ட முட்டைதான். கோழி பகல் நீண்டால் முட்டையிடுகிற ஜாதி. அதனால் பக்கம் திறந்த கொட்டகையில் பகல் வெளிச்சத்தை உள்ளே விட்டு, அது போதாத நேரத்துக்கு விடியலிலும் அந்தியிலும் விளக்கெரித்து, ஏறத்தாழ 16 மணி நேரப் பகலைக் கோழிக்குக் காட்டுகிறார்கள். சூரியனையும் விளக்கையும் கலக்கிற வித்தையில் நாமக்கல் மாவட்டத்துப் பண்ணைக்காரருக்கு எந்த வெள்ளைக்காரனும் பாடம் சொல்லவேண்டியதில்லை. சாமிக்குச் சாத்துகிற செவ்வந்தியும் பிள்ளைக்குக் கொடுக்கிற முட்டையும் விளக்கில் விளைந்தால் அது விவசாயம்; வேறொரு செடிக்கு அதே விளக்கைப் போட்டால் அது பிசாசு வேலை என்று சொல்வது தர்க்கம் ஆகாது. செடியைக் குறை சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். விளக்கை விட்டுவிடுங்கள்.

இனி, சோறாக எரிகிற விளக்கு.

உச்சி வெயிலில் தரையில் விழுகிற வெளிச்சம் ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ். பஞ்சாங்கத்தைத் திருத்துவதற்குச் செடிக்குத் தேவையான வெளிச்சம் நூறு லக்ஸ் அளவு. அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு. சூரியனை வேலைக்கு வைத்துக்கொண்டு விளக்கைக் காவலுக்கு மட்டும் வைத்தால் செலவு அற்பம். சூரியனை அடியோடு நிறுத்திவிட்டு அதன் வேலை முழுவதையும் விளக்கே செய்யவேண்டும் என்றால் கதை வேறாகிவிடுகிறது.

எங்கள் வெண்ணந்தூருக்குப் புரிகிற கணக்காகவே சொல்லிவிடுகிறேன். இது தறி ஊர். அலவாய்மலை அடிவாரத்தில் நாடா ஓடுகிற சத்தத்தைக் கேட்டுத்தான் குழந்தைகள் தூங்கும்; சத்தம் நின்றால் விழித்துக்கொள்ளும். தமிழ்நாட்டில் விசைத்தறிக்காரருக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட் இலவச மின்சாரம் இருந்தது. 2023-ல் அதை 1,000 யூனிட் ஆக்கினார்கள். அந்த 1,000 யூனிட் ஒரு குடும்பத்தின் கஞ்சி. அறைக்குள் செடி வளர்க்கிறவர்கள் தொங்கவிடும் பெரிய விளக்கு ஒன்று 1,000 வாட். அதை நாளுக்கு 12 மணி நேரம் எரித்தால் அறுபது நாளில் 720 யூனிட். 18 மணி நேரம் எரித்தால் 1,080 யூனிட். ஒரே ஒரு விளக்கு, ஒரு கட்டில் போடுகிற இடத்துக்கு வெளிச்சம் தருவதற்காக, ஒரு தறிக்குடும்பத்தின் இரண்டு மாதத்து இலவச மின்சாரத்தையும் தின்றுவிட்டு இன்னும் வேண்டும் என்கிறது. விசிறிக்கும் குளிர்சாதனத்துக்கும் வேறு கணக்கு. இதற்கு எதிரே, 9 வாட் பல்பு ஒன்றைத் தோட்டத்தில் இரவுக்கு இரண்டு மணி நேரம் எரித்துப் பாருங்கள். அறுபது இரவுக்கும் சேர்த்து ஒரு யூனிட்டும் கொசுறும்.

அமெரிக்காவில் இந்தக் கணக்கைப் பெரிதாகவே போட்டுப் பார்த்திருக்கிறார்கள். 2012-ல் இவான் மில்ஸ் என்ற ஆராய்ச்சியாளர், அந்தத் தேசத்து மின்சாரத்தில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு அறைக்குள் வளரும் கஞ்சாவுக்கே போகிறது என்று மதிப்பிட்டார். 2021-ல் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தார், அறைக்குள் விளைந்து உலர்ந்த ஒரு கிலோ பூவுக்காக 2,283 முதல் 5,184 கிலோ வரை கரியமில வாயுவுக்குச் சமமான புகை வானத்தில் கலக்கிறது என்று எழுதினார்கள். ஒரு கிலோ பூவுக்கு இரண்டு டன், ஐந்து டன் புகை! வருஷத்தில் முக்கால்வாசி நாள் மண்டையைப் பிளக்கிற வெயில் அடிக்கும் நம் சேலம் நாமக்கல் சமவெளியில், ஒருவன் ஜன்னலை அடைத்துவிட்டு அதே வெயிலை மின்சார போர்டிலிருந்து விலைக்கு வாங்குகிறான் என்றால், அவனைப் பைத்தியம் என்றுதான் சொல்லத் தோன்றும். ஆனால் அவன் பைத்தியம் அல்ல. அவனுக்கு அந்த விளக்கு வேறொரு வேலைக்காக வேண்டியிருக்கிறது.

அதுதான் மூன்றாவது வேலை: திரை.

1983-ல் கலிபோர்னியா மாநிலத்தில் ஹெலிகாப்டர் வைத்துக் கஞ்சாத் தோட்டங்களைத் தேடி அழிக்கத் தொடங்கினார்கள். வெட்டவெளியில் இருந்தால் மேலேயிருந்து தெரிகிறது என்றதும் சாகுபடிக்காரர்களில் பலர் என்ன செய்தார்கள்? விவசாயத்தை விட்டுவிட்டார்களா? கூரைக்கு அடியில் போனார்கள். கூரைக்கு அடியில் சூரியன் வராது என்பதால் விளக்கு வந்தது. செடிக்காக வந்த விளக்கு அல்ல அது; போலீஸுக்காக வந்த விளக்கு. மூடிய அறையில் வளர்த்து, நல்ல பூவாகப் பொறுக்கி, வீரியம் ஏற ஏறத் தேர்ந்தெடுத்து, தோட்டத்தில் விளைந்ததைவிட உறைப்பான சரக்கை உண்டாக்கினார்கள். தடை எந்தச் சரக்கை ஒழிக்க வந்ததோ அதற்கே புடம் போட்டுக் கொடுத்தது. இன்று பாங்காக்கிலிருந்து பெட்டிக்குள் மறைத்துக் கொண்டுவந்து சென்னை விமான நிலையத்தில் பிடிபடுகிறதே, ஹைட்ரோ கஞ்சா என்று பத்திரிகைகள் எழுதுகிற உயர்ந்த விலைச் சரக்கு, அது இந்தப் பரம்பரையில் பிறந்த பிள்ளை.

கலிபோர்னியாவில் 2016-ல் வாக்கெடுத்து, 2018 முதல் சட்டப்படி விற்க அனுமதித்தார்கள். அங்கே இப்போது வெளித்தோட்டத்துக்கு ஒரு லைசென்ஸ், அறைக்கு ஒரு லைசென்ஸ். சூரியனும் விளக்கும் கலந்த சாகுபடிக்கென்று தனியாக ஒரு லைசென்ஸ். ஒளிய அவசியம் இல்லாதவன் சூரியனிடம் திரும்பி வந்து, வேண்டிய இடத்தில் மட்டும் விளக்கேற்றிக்கொள்ளலாம். அறைச் சாகுபடி அங்கே ஒழிந்துவிடவில்லை. கண்ணுக்கு லட்சணமான பூவுக்கு விலை கொடுக்கிறவன் இருக்கும்வரை ஒழியாது. ஆனால் எத்தனை விளக்கு, எத்தனை யூனிட், என்ன மருந்து தெளித்தான் என்று கேட்பதற்கு அங்கே ஒரு அதிகாரி இருக்கிறான். இங்கே கேட்பதற்கு ஆள் இல்லை. பிடிப்பதற்கு மட்டும் இருக்கிறான்.

‘சட்டத்தை இறுக்கு’ என்ற கட்சிக்கு வருகிறேன். ஐயா, இதைவிட எவ்வளவு இறுக்கவேண்டும்? 1985-ல் வந்த போதைப் பொருள் சட்டப்படி கஞ்சாச் செடி வளர்த்தால் பத்து வருஷம் வரை கடுங்காவல். இருபது கிலோவுக்கு மேல் கஞ்சா வைத்திருந்தால் பத்து முதல் இருபது வருஷம். 2022 பிப்ரவரியில் ஆந்திரப் போலீஸார் அனகாபள்ளிக்கு அருகே ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோ கஞ்சாவை ஒரே நாளில் கொளுத்தினார்கள். அதற்குச் சில வாரங்களுக்குப் பின் நம் போலீஸார் ‘கஞ்சா வேட்டை 2.0’ என்று கிளம்பினார்கள். வேட்டைக்கு எண் போட வேண்டியிருக்கிறது என்றால் முதல் வேட்டையில் காடு காலியாகவில்லை என்றுதானே அர்த்தம்?

தடைக்கும் நம் ஜில்லாவுக்கும் பழைய சொந்தம் உண்டு. 1937 அக்டோபர் 1-ந் தேதி, ராஜாஜி பிரதம மந்திரியாக இருந்தபோது, சென்னை மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்கு வந்தது சேலம் ஜில்லாவில்தான். வெண்ணந்தூர் அன்று சேலம் ஜில்லா. நாமக்கல் தனி மாவட்டமானது 1997-ல். அந்த 1937-ஆம் வருஷச் சட்டம் மதுவோடு நில்லாமல் மயக்கம் தரும் பொருள்களையும் சேர்த்தே விலக்கியது. ராஜாஜியின் எண்ணத்தில் நான் குற்றம் காணவில்லை. குடிகாரன் வீட்டு அடுப்பு மறுபடி எரியவேண்டும் என்று விரும்பிய மனுஷர் அவர். ஆனால் எண்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் நாம் அந்தப் பாடத்தின் முதல் பக்கத்திலேயே நிற்கிறோம். கள்ளை விலக்கினோம், பிறகு சர்க்காரே கடை திறந்து பிராந்தி விற்றது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். வெளிச்சத்தில் இருக்கிற பண்டத்தில் என்ன கலந்திருக்கிறது என்று பார்க்கலாம். இருட்டில் இருக்கிற பண்டத்தைச் செத்த பிறகுதான் பார்க்கமுடியும். கஞ்சாவுக்கும் இது பொருந்தும்.

வெள்ளைக்காரன் இதில் நம்மைவிட நிதானமாக இருந்தான் என்று சொல்லவேண்டியிருப்பது எனக்கே வெட்கமாக இருக்கிறது. 1893-ல் அவன் ஒரு கமிஷன் போட்டான். அது மாகாணம் மாகாணமாகப் போய், 1,193 சாட்சிகளைக் கேட்டு, 1894-ல் பெரிய அறிக்கை கொடுத்தது. மிதமாகப் பழகுகிறவனுக்குப் பெரிய தீங்கில்லை, மிதமிஞ்சினால் கெடுதல். அடியோடு தடுப்பதைவிட வரி போட்டுக் கட்டுப்படுத்துவது மேல் என்றது. அவனுக்கு வரியாசை இருந்தது உண்மை. அந்த முடிவை இன்று நாம் அப்படியே ஏற்கவேண்டியதும் இல்லை. அன்றைய செடியைவிட இன்றைய அறைச்செடி உறைப்பு. ஆனால் கேட்டுவிட்டுச் சொன்னானே, அதைப் பாருங்கள். நாம் சொல்லிவிட்டுத்தான் கேட்கிறோம்.

சரி, இதெல்லாம் வெண்ணந்தூருக்கு எதற்கு என்று கேட்பீர்கள். எங்கள் ஊர்த் தறிக்காரர் ஒருவர் என்னைக் கேட்ட கேள்விதான் என்னை இதை எழுத வைத்தது. ‘ஏனுங்க, அந்தக் கஞ்சாச் செடியில துணி நெய்யறாங்களாமே, நெசந்தானுங்களா?’ என்றார். நெசந்தான் என்றேன். செடியின் தண்டை ஊறவைத்து உரித்த நார் மனிதன் நெசவுக்கு எடுத்த மிகப் பழைய நார்களில் ஒன்று. அதில் கயிறும் திரித்தார்கள், கப்பல் பாயும் நெய்தார்கள். நாம் தழையுரத்துக்கு விதைக்கிற சணப்பை வேறு, இது வேறு. போதைக்கான ஜாதி வேறு, நாருக்கான ஜாதி வேறு. நார்ச் செடியில் மயக்கம் தரும் சத்து மிகக் குறைவு. உத்தராகண்ட மாநிலம் 2018-ல் அந்தச் சத்து 0.3 சதவீதத்துக்கு மேற்படாத செடியை வளர்க்க லைசென்ஸ் கொடுத்தது. ஹிமாசலப் பிரதேசம் 2025 ஜனவரியில் இரண்டு பல்கலைக்கழகங்களை வைத்துச் சோதனைச் சாகுபடிக்கு ஒப்புதல் தந்தது. இதற்காக யாரும் புதுச் சட்டம் எழுதவில்லை. 1985-ஆம் வருஷச் சட்டத்தின் 14-ஆவது பிரிவிலேயே, நாருக்கும் விதைக்கும் தோட்டக்கலைக்கும் சர்க்கார் அனுமதி தரலாம் என்று ஒரு வாசல் வைத்திருக்கிறார்கள்.

‘அப்படின்னா நம்மூர்ல ஏனுங்க வெக்கறதில்லை?’ என்றார் அவர். சரியான கேள்வி. பாதிப் பதில் பயம். மறு பாதி, நாம் முதலில் பேசிய பஞ்சாங்கம்.

வெண்ணந்தூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பதினொன்றரை பாகையில் இருக்கிறது. இங்கே ஆனி மாதத்து மிக நீண்ட பகல் ஏறத்தாழ 12 மணி 45 நிமிஷம். மார்கழியில் மிகக் குறுகிய பகல் ஏறத்தாழ 11 மணி 30 நிமிஷம். பாரிஸ் நகரத்தில் கோடைப் பகல் 16 மணி நேரம். ஐரோப்பிய நார் ஜாதிகளில் பல, பகல் 14 மணி அளவுக்குச் சுருங்கினால் ‘காலம் வந்துவிட்டது’ என்று பூக்கத் தொடங்கிவிடும். அந்த விதையை இங்கே கொண்டுவந்து விதைத்தால் அதற்கு முளைத்த நாளே பூக்கிற நாள். முழங்கால் உயரத்தில் பூத்து நின்றால் நார் எங்கே, துணி எங்கே? சூரியன் வேண்டியமட்டும் இருக்கிறது. ஆனால் செடியின் பஞ்சாங்கம் நம் ஊர்ப் பஞ்சாங்கம் அல்ல. இங்கேதான் சூரியனோடு விளக்கைச் சேர்க்கிற வித்தைக்கு நியாயமான இடம் இருக்கிறது. ஆராய்ச்சித் தோட்டத்தில் இரவுக்குச் சிறிது நேரம் விளக்கெரித்து அந்தச் செடிகளைப் பூக்காமல் வளர்க்கலாம். நம் பகலுக்கு ஒத்த நாட்டு ஜாதியோடு ஒரே சமயத்தில் பூக்கவைத்து இனம் கலக்கலாம். நம் பக்கத்துக்கென்று ஒரு விதையை உண்டாக்கலாம். ஏக்கர் ஏக்கராக பல்பு கட்டுவது நாருக்குக் கட்டாது. விளக்கு தொட்டில்; விதைதான் பிள்ளை. பிள்ளை நடக்கத் தொடங்கினால் தொட்டிலை அவிழ்த்துவிடலாம்.

இப்போது சின்னக் கட்சியின் காதைத் திருகவேண்டும். இந்தத் தொட்டில் கட்டுவதற்கு முன்பே கல்யாணத்துக்கு வசூல் செய்ய வருகிறவர்கள் அவர்கள். கொங்கு நாட்டார் அவர்களை முன்பே பார்த்திருக்கிறார்கள். 2012-ல் பெருந்துறைப் பக்கத்து ஈமுக்கோழிப் பண்ணைகள் சரிந்து விழுந்தபோது, மாதாமாதம் பணம் வரும் என்று நம்பி முதல் போட்டவர்கள் தெருவில் நின்றார்கள். பராமரிப்பார் இல்லாமல் அந்த வாயில்லாப் பறவைகளும் தீனிக்குத் தவித்தன. நாளைக்கே நாருக்கு அனுமதி என்று ஒரு வதந்தி கிளம்பட்டும். மறுநாள் ராசிபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்குப் பிடித்து, மேடையில் சீரியல் விளக்குப் போட்டு, ‘ஏக்கருக்கு இத்தனை லட்சம், விதை எங்களிடம்தான்’ என்று பேசுவார்கள். அவர்களிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: நாரை நூலாக்குகிற ஆலை எங்கே ஐயா? நார் தறியில் ஏறாது, நூல்தான் ஏறும். பாவு ஓட்டவும் தார் சுற்றவும் எங்கள் ஊருக்குத் தெரியும். முரட்டு நாரை மெல்லிய நூலாக்கும் இயந்திரமும், அதை வாங்குகிற வியாபாரியும் இல்லாமல் ஆயிரம் ஏக்கர் விதைத்தாலும் அது போகிக்கு ஆகும்.

ஆகையால் நான் கேட்பது மிகச் சிறியது. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கு நம் மாநில சர்க்கார் 14-ஆவது பிரிவின்படி அனுமதி கொடுக்கட்டும். மரவள்ளிக்காக சேலம் பக்கத்து ஏத்தாப்பூரில் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அது போன்ற இடத்தில், வேலி போட்டு, காவல் வைத்து, சில ஏக்கர் விதைக்கட்டும். மேலே சூரியன், இரவில் வேண்டிய அளவு விளக்கு, பக்கத்தில் மீட்டர். ஐந்து வருஷம் பார்க்கட்டும். எத்தனை யூனிட் எரிந்தது, எவ்வளவு தண்ணீர் குடித்தது, எவ்வளவு நார் வந்தது, மயக்கச் சத்து எவ்வளவு, பருத்தியோடு கலந்தால் தறியில் இழை அறுகிறதா என்று எழுதி, தமிழில் அச்சடித்து, ஊருக்கு ஊர் படிக்கக் கொடுக்கட்டும். ‘உதவாது’ என்று முடிவு வந்தால் அதையும் அச்சடிக்கட்டும். அந்த ஒரு காகிதம் இருந்தால் கல்யாண மண்டபத்து வியாபாரியின் வாயை அடைக்கலாம். இன்று அவன் வாய்க்கு எதிராக நம்மிடம் இருப்பது வெறும் ‘கூடாது’ மட்டும்தான்.

‘நார்ச் செடி என்று சொல்லிப் பக்கத்தில் போதைச் செடி வைப்பானே’ என்பீர்கள். அதற்கும் இயற்கையிலேயே ஒரு பதில் இருக்கிறது. போதைக்கு வளர்க்கிறவனுக்கு வேண்டியது விதை பிடிக்காத பெண் பூ. ஆண் செடியைக் கண்டால் பிடுங்கி எறிவான். கமிஷன் காலத்தில் வங்காளத்து ராஜஷாஹிப் பக்கம் அதற்கென்றே தேர்ந்த ஆட்கள் வயல் வயலாகப் போனார்கள். நார் வயலிலோ ஆணும் பெண்ணும் கலந்து நெருக்கமாக நிற்கும். அதன் மகரந்தம் காற்றில் பறந்தால் பக்கத்திலிருக்கும் போதைப் பூ விதை பிடித்து விலை இழந்துபோகும். நார் வயலுக்குப் பக்கத்தில் கஞ்சா வைக்கிறவன் தன் சரக்குக்குத் தானே எமன். இது போலீஸ் வேண்டாம் என்பதற்கான வாதம் அல்ல. போலீஸும் கொஞ்சம் தாவரநூல் படிக்கலாம் என்பதற்கான வாதம்.

‘இளைஞர்களுக்குத் தவறான பாடம் ஆகாதா’ என்பது கடைசிக் கேள்வி. இதுதான் கனமான கேள்வி. என் பதில் இது. சிவமொக்காவில் பிடிபட்டவர்கள் படித்த பிள்ளைகள். அவர்கள் மேல் சொல்லப்பட்டது உண்மையானால், இரவின் நீளத்தைச் செடி எப்படி அளக்கிறது என்ற அருமையான பாடத்தை அவர்கள் பூட்டிய அறையில், பயந்துகொண்டே, பணத்துக்காகப் படித்தார்கள். அதே பாடத்தை ஒரு வகுப்பறையில், ஒரு செவ்வந்தித் தொட்டியையும் ஒரு ஒன்பது வாட் பல்பையும் வைத்து, ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர் நடத்தியிருக்கலாம். செடியைப் பற்றியும் சொல்லியிருக்கலாம். அது மூளையை என்ன செய்யும் என்பதையும் சேர்த்தே சொல்லியிருக்கலாம். நாம் இரண்டையும் சொல்லவில்லை. ‘அந்தப் பேச்சே எடுக்காதே’ என்றோம். நாம் பேச்சை எடுக்காத இடத்தில் வியாபாரி எடுத்தான்.

வேப்பமரத்தடியில் போதைப் பொட்டலம் விற்கிறவனைப் பிடியுங்கள். பள்ளிக்கூட வாசலில் நிற்கிறவனை இரண்டு மடங்கு வேகமாகப் பிடியுங்கள். ஆனால் ஒரு செடிக்கு வெயிலைத் தடை செய்துவிட்டு அதன்பின் அது இருட்டில் கெட்டுப்போயிற்று என்று அதன் மேலேயே பழி போடாதீர்கள். அந்த இருட்டைப் போட்டவர்கள் நாம். அலவாய்மலைக்கு மேலே தினமும் ஒருவன் இலவசமாக விளக்கேற்றிக்கொண்டு வருகிறான். அவனுக்குத் தெரியாமல் வளர்க்கவேண்டிய பயிர் எதுவும் ஒரு நாட்டுக்கு நல்லதல்ல. அவனுக்குத் தெரிய ஒரு பயிரை வளர்த்துப் பார்க்கக்கூடப் பயப்படுகிற நாடும் நல்ல நாடல்ல.